எண்ணெய்ச் சூடும் என் தங்கை கேட்ட கேள்வியும்

விமானம் திரும்பி வந்த விதமே சரியில்லை.

இலுப்பூருக்கு வெளியே, செம்மண்ணும் சரளையுமாகக் கிடந்த பொட்டலில் நாங்கள் மூன்று பேர் நின்றுகொண்டிருந்தோம். நான், என் தங்கை சிவகாமி, கோட்டைப்பட்டினத்திலிருந்து விமானத்துக்குத் துணி தைக்க வந்திருந்த காதர். பங்குனி மாதக் காலை. எட்டு மணிதான் இருக்கும், அதற்குள் செருப்பைத் தாண்டிக் கல் சுட்டது. அரை மணி நேரம் சுற்றிவிட்டு வருவதாகச் சொல்லிப் போன என் தங்கை வீட்டுக்காரர், கால் மணி நேரத்தில் நார்த்தாமலைப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தார். வானத்தில் முதலில் ஒரு புள்ளி தெரிந்தது. அதன் பின்னால் நீலப் புகை.

போனபோது இருந்த சத்தம் இப்போது இல்லை. அந்த எஞ்சினின் நாலு சிலிண்டரும் ஒழுங்காக ஓடுகிற சத்தம் எனக்கு மனப்பாடம். இப்போது தொண்டை கட்டினவன் பேசுகிற மாதிரி இருந்தது. விமானம் பொட்டல் வரைக்கும் வந்து சேரவில்லை. அதற்கு முந்தின சோளக் கொல்லையில், அறுத்துவிட்ட தட்டையின் மேல் தடதடவென்று இறங்கி, வரப்புக்கு ஒரு முழம் முன்னால் நின்றது.

ஓடிப் போனோம். முன் கண்ணாடி முழுக்க எண்ணெய். மாப்பிள்ளை ரெங்கநாதன் தலையை வெளியே நீட்டி, ஓரமாகப் பார்த்துத்தான் இறக்கியிருக்கிறார். முகத்திலும் சட்டையிலும் கறுப்புப் புள்ளிகள். பழைய எண்ணெயில் பலகாரம் சுட்ட வாசம் அந்தக் கொல்லை முழுக்க அடித்தது.

“மச்சான், எண்ணெய்ச் சூட்டு முள்ளு செவப்புக் கோட்டைத் தாண்டி அங்கிட்டுப் போயிருச்சு” என்றார். சிரிக்கத்தான் பார்த்தார், வரவில்லை.

சிவகாமி தண்ணீர்ச் செம்பை அவரிடம் நீட்டினாள். அவர் குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“சரியா இருக்குன்னு சொன்னியேண்ணே.”

அவ்வளவுதான் கேட்டாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

கடலைக் கிட்டங்கியில்

பஸ்ஸையும் லாரியையும் பற்றி எழுதிக்கொண்டு வந்தவன் திடீரென்று ஆகாயத்தில் ஏறிவிட்டானே என்று வாசகர்கள் நினைக்க வேண்டாம். நான் ஏறவில்லை. இன்றுவரை ஏறியதில்லை. என் வேலை எப்போதும் தரையில்தான்.

புதுக்கோட்டைச் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். நான் புதுக்கோட்டையில் ஒரு பஸ் கம்பெனிப் பட்டறையில் பிட்டர். தகர வேலையும் தெரியும். மட்கார்டு நசுங்கினால், பேனட் கிழிந்தால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். தங்கையை இலுப்பூரில் கடலை வியாபாரக் குடும்பத்தில் கொடுத்திருந்தோம். மாப்பிள்ளை மெட்ராஸில் படித்தவர். படிக்கப் போன இடத்தில் பறக்கச் சொல்லித்தருகிற கிளப்பில் சேர்ந்து லைசென்ஸும் வாங்கிவிட்டார். ஊர் திரும்பிய மனுஷனுக்குக் கடலை மூட்டையைப் பார்த்தால் கொட்டாவி வந்தது.

ஒரு நாள் கடலை மூட்டை அடுக்குகிற கிட்டங்கியில் பாதியைக் காலி செய்தார். வெளிநாட்டுப் பத்திரிகை மூலம் தபாலில் வந்த படத்தைச் சுவரில் ஒட்டினார். இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானம். மரச் சட்டம், அதன் மேல் துணி. யுத்தத்தில் மிஞ்சிய சாமான்களை ஏலம் விட்டார்களே, அதில் ஒரு எஞ்சின் எடுத்து வந்தார். இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு என்று படுத்த மாதிரி நாலு சிலிண்டர். ரேடியேட்டர் கிடையாது, தண்ணீர் கிடையாது. காற்று பட்டே ஆற வேண்டும்.

ஊரில் பாதிப் பேர் அவருக்குப் புத்தி கலங்கிவிட்டது என்றார்கள். மீதிப் பேர் தினமும் வந்து வேடிக்கை பார்த்தார்கள். நான் வாரம் ஒரு நாள் ஓய்வில் போனவன், பிறகு லீவு போட்டுவிட்டுப் போக ஆரம்பித்தேன். எஞ்சினை மூடுகிற தகரக் கூடு, அதாவது எங்கள் பாஷையில் பேனட், என் பொறுப்பு. இரண்டு மாதம் தட்டினேன். மூக்கில் இரண்டு துவாரம், பக்கத்துக்கு ஒரு கதவு, அடியில் காற்று வெளியேற ஒரு வழி. தகரத்தில் முகம் பார்க்கலாம். அதை மாட்டின நாளில், வேடிக்கை பார்க்க வந்தவர்கள் எல்லாம் போன பிறகு தள்ளி நின்று நானே அரை மணி நேரம் பார்த்தேன். கடலைத் தொலி மணக்கும் அந்தக் கிட்டங்கியில் அது எனக்கு அவ்வளவு அழகாக இருந்தது.

மரவேலை முழுவதும் மாப்பிள்ளையே செய்தார். றெக்கைத் துணி தைக்கத்தான் ஆள் கிடைக்கவில்லை. சாதாரணத் தையல் அதற்கு ஆகாது, காற்று கிழித்துவிடும். படகுப் பாய் தைக்கிறவன்தான் சரி என்று கோட்டைப்பட்டினம் போய்க் காதரை அழைத்து வந்தேன். என் வயதுதான் அவருக்கும். மெழுகு தேய்த்த நூலும் உள்ளங்கையில் ஒரு தோல் உறையுமாக வந்து இறங்கினார். கடைசிவரை அவர் அதை விமானம் என்று சொல்லவே இல்லை. “ஒங்க படகு” என்பார். இலுப்பூரில் மீன் சரியில்லை என்று தினமும் ஒரு குறை. “கருவாட்டுக்கு முந்தின நாள் மீனை விக்கிறாங்க பிட்டரே” என்பார். ஆனால் அவர் தைத்த தையல் விரல் வைத்துப் பார்த்தால்கூடத் தெரியாது.

சிவகாமி போட்ட நிபந்தனை

எல்லாம் முடிகிற சமயத்தில் சிவகாமி என்னைக் கொல்லைப்புறத்துக்குக் கூப்பிட்டாள். துவைத்த துணியை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டே பேசினாள்.

“அவுக பறக்கப் போறாக. நான் வேணாம்னா கேக்க மாட்டாக. சொல்லவும் எனக்கு மனசு வரலை. ஒண்ணே ஒண்ணு, அண்ணே. எஞ்சின் சரியா இருக்கான்னு அவுககிட்ட நான் கேக்க மாட்டேன். அவுகளுக்கு ஆசை. ஆசை இருக்கவுக சரியாப் பாக்க மாட்டாக. ஒனக்கு அந்த ஆசை இல்லை. நீ சொல்லு. நீ சரின்னா நான் வாயைத் தொறக்கலை.”

சரி என்றேன். தங்கை நம்புகிறாள் என்று பெருமையாகத்தான் இருந்தது.

ஆனால் அவள் நினைத்தது தப்பு. எனக்கும் ஆசை இருந்தது. நான் தட்டின தகரம் ஆகாயத்தில் மினுங்க வேண்டும், புதுக்கோட்டைப் பட்டறையில் என்னைக் கிண்டல் செய்கிறவர்கள் கழுத்து வலிக்க நிமிர்ந்து பார்க்க வேண்டும். இதை அவளிடம் சொல்லவில்லை. எனக்கே அப்போது தெரியுமா என்பதும் சந்தேகம்.

பஸ்காரன் புத்தி

விமானத்தின் வாலை ஒரு பனைமரத்தில் கட்டிவிட்டு எஞ்சினை ஓடவிட்டுப் பார்ப்போம். எண்ணெய்ச் சூட்டைக் காட்டுகிற மீட்டர் ஒன்று இருக்கும். இதற்கு மேல் போகக்கூடாது என்று எஞ்சினோடு வந்த புத்தகம் சொன்ன இடத்தில், நானே மெல்லிய பிரஷ்ஷால் ஒரு சிவப்புக் கோடு போட்டிருந்தேன். எண்ணெய் அளவுக்கு மேல் சூடேறினால் தண்ணீர் மாதிரி ஆகிவிடும். இரும்புக்கும் இரும்புக்கும் நடுவில் நிற்காது. பஸ் என்றால் ஓரங்கட்டி, புளியமரத்தடியில் பீடி பற்றவைக்கலாம். மேலே போனவர் எங்கே ஓரங்கட்டுவார்?

பத்துப் பன்னிரண்டு நிமிஷத்தில் முள் சிவப்பைத் தொட்டது.

அந்தக் காலத்து பஸ்ஸைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். யுத்த காலத்தில் பெட்ரோல் இல்லாமல் கரி போட்டு ஓட்டின வண்டிகளில் தொழில் கற்றவன் நான். பின்னால் ஒரு அடுப்பு, அதில் கரி. புதுக்கோட்டையில் புறப்பட்டு விராலிமலை போய்ச் சேருவதற்குள் கண்டக்டர் நாலு இடத்தில் இறங்கி வாளியோடு ஊருணிக்கு ஓடுவார். பயணிகள் அதற்குள் ஒரு தூக்கம் போட்டுவிடுவார்கள். கரி போய்ப் பெட்ரோல் வந்த பிறகும் சித்திரை வெயிலில் கதை அதேதான். அதற்கு எங்களிடம் ஒரே வைத்தியம். பேனட்டின் இரண்டு பக்கக் கதவையும் கழற்றி டாப்பில் போட்டுவிடுவோம். வெயில் காலத்தில் எங்கள் ஜில்லாவில் பேனட் கதவோடு ஓடின பஸ்ஸை நான் பார்த்ததில்லை. எஞ்சினுக்கு மூச்சு முட்டினால் சட்டையைக் கழற்று, அதுதான் நாங்கள் கற்ற பாடம்.

விமானத்துக்கும் அதையே செய்தேன். முதலில் மூக்குத் துவாரம் இரண்டையும் பெரிதாக வெட்டினேன். முகம் பார்க்கிற தகரத்தை வெட்ட மனசு வலித்தது, இருந்தாலும் வெட்டினேன். முள் அசையவில்லை, அதே நேரத்துக்கு அதே இடத்துக்கு வந்தது. பிறகு பக்கக் கதவு இரண்டையும் கழற்றிக் கிட்டங்கிச் சுவரில் சாத்தினேன். இப்போது ஒரு நிமிஷம் முன்னாலேயே வந்துவிட்டது.

கட்டிப்போட்டு ஓட்டுவதால்தான் சூடேறுகிறது, மேலே போனால் இவ்வளவு காற்றில் ஆறாமல் எங்கே போகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மாப்பிள்ளையும் அப்படித்தான் சொன்னார். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் தலையாட்டிக்கொண்டோம்.

அந்தப் பங்குனிக் காலையில் சிவகாமி செம்போடு வந்து கேட்டாள். “அண்ணே, சரியா இருக்கா?”

முள் சிவப்பைத் தொட்டதை இரண்டு கண்ணாலும் பார்த்தவன், “சரியா இருக்கு ஆத்தா” என்றேன்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் முதலில் சொன்னேன்.

காதரின் நூல்

விமானத்தை மாடு கட்டிக் கிட்டங்கிக்கு இழுத்து வந்தோம். நல்ல வேளை, எஞ்சின் இறுகிப் பிடித்துக்கொள்ளவில்லை. கழற்றிப் பார்த்ததில் உள்ளே பெரிய சேதமும் இல்லை. சூட்டில் எண்ணெய் நீர்த்துப்போய், கிடைத்த சந்தில் எல்லாம் வெளியே வந்திருக்கிறது. இன்னும் ஐந்து நிமிஷம் மேலே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் இங்கே எழுதப்போவதில்லை.

மெட்ராஸிலிருந்து விமானங்களைச் சோதிக்கிற இன்ஸ்பெக்டர் ஒருவர் அடுத்த மாதம் வருவதாகக் கடிதம் வந்திருந்தது. அதுவரை எங்கள் பொட்டலைச் சுற்றிச் சோதனைக்குப் பறக்க மட்டும்தான் அனுமதி. வருகிறவர் முன்னால் அரை மணி நேரம் கோளாறில்லாமல் பறந்து காட்டினால் முழு அனுமதி. இல்லாவிட்டால் மூன்று வருஷ வேலை கடலை மூட்டைக்கு நிழல் கொடுத்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

மாப்பிள்ளை அடுத்த வாரமே இன்னொரு முறை போய்ப் பார்க்கிறேன் என்றார். நான் முடியாது என்றேன்.

“என்ன மச்சான், பயந்துட்டீங்களா?”

“ஆமா மாப்பிள்ளை, பயந்துட்டேன். முள்ளு இறங்காம நீங்க ஏறக்கூடாது.”

அவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. சிவகாமி பேசினாள். சாப்பிட வா, குழம்பு போடட்டுமா, அவ்வளவுதான். எஞ்சினைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மறுபடியும் வாலைக் கட்டி ஓட்டினோம். எண்ணெயில் ஊறிக் கெட்டுப்போன வயிற்றுத் துணியை மாற்றித் தைத்துக்கொண்டிருந்தார் காதர். எஞ்சின் ஓடும்போது விலகி நிற்கச் சொன்னேன். அவர் விலகினார், ஆனால் ஊசி துணியிலேயே குத்தியிருந்தது. அதிலிருந்து ஒரு முழ நூல், அடியில் காற்று வெளியேற நான் விட்டிருந்த வழிக்கு நேராகத் தொங்கியது.

எஞ்சினை நிறுத்தியதும் கிட்டே வந்தார்.

“பிட்டரே, உள்ள போற காத்து எங்கிட்டு வெளிய வருது?”

“முன்னால நுழைஞ்சு, சிலிண்டர் மேல பட்டு, சூட்டை வாங்கிக்கிட்டு இந்தா இந்த வழியாப் போகும்.”

“போகலையே.”

“என்ன போகலை?”

“நூலு ஆடலை. ஒங்க வேட்டி ஆடுது, மரத்துல கட்டின கயிறு ஆடுது. வாசல்ல தொங்குற நூலு மட்டும் சும்மா தொங்குது. அப்ப அது வழியா ஒண்ணும் வரலை.”

எனக்குக் கோபம் வந்தது. நாலு நாளாகத் தூக்கமில்லை, தங்கை முகம் கொடுக்கவில்லை, இதில் இவர் வேறு. “பாய் தைக்கிறவருக்கு எஞ்சினைப் பத்தி என்னங்க தெரியும்?” என்று கேட்டுவிட்டேன்.

காதர் கோபப்படவில்லை. “எஞ்சினைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. நான் காத்தைப் பத்திச் சொன்னேன்” என்றார்.

அதைக் கேட்டு அப்படியே எஞ்சினுக்கு அடியில் உட்கார்ந்துவிட்டேன். வெட்கம்தான். அவர் சொன்னது சரி என்பது அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது.

விமானத்துக்கு முடி முளைத்தது

சிவகாமியிடம் பூக்கட்டுகிற நூல் கேட்டேன். எதற்கு என்று கேட்காமல் கண்டோடு கொடுத்தாள். காதரும் நானும் அதைச் சாண் சாணாக நறுக்கினோம். பேனட்டைச் சுற்றி, சிலிண்டருக்குப் பின்னால், துவாரத்து ஓரத்தில், அடியில், எங்கெல்லாம் சந்து இருக்கிறதோ அங்கெல்லாம் மைதாப் பசை வைத்து ஒட்டினோம். கிட்டங்கி வாசலில் நின்று பார்த்த சிவகாமி, பல நாளைக்குப் பிறகு லேசாகச் சிரித்தாள். “ஏண்ணே, ஏரோப்ளேனுக்கு முடி மொளைச்சிருச்சா?”

எஞ்சினை ஓடவிட்டு இரண்டு பக்கமும் நின்று பார்த்தோம். நூல் எங்கள் மானத்தை வாங்கியது.

கதவைக் கழற்றின பக்கவாட்டில் ஒட்டின நூல்கள் பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி வெளியே பறந்தன. காற்றை மடக்கிச் சிலிண்டர் மேல் திருப்புவதற்காக உள்ளே வைத்த தடுப்புத் தகடுகளின் ஓரத்தில், நான் அவசரத்தில் விட்டிருந்த விரல் அகலச் சந்துகளில் நூல் துடித்தது. சிலிண்டரைச் சுற்றிலும் மெல்லிய தகடு தகடாக மீன் செதில் மாதிரி இருக்கும், காற்று அதன் நடுவே நுழைந்தால்தான் சூடு போகும். அந்த இடத்து நூல்களில் உயிரே இல்லை. பெரிதாக வெட்டின மூக்கில் ஒட்டினதில் சில முன்பக்கமாகவே நீட்டிக்கொண்டிருந்தன. உள்ளே போன காற்று எட்டிப் பார்த்துவிட்டு வந்த வழியே திரும்பிக்கொண்டிருந்தது.

காதர் கன்னத்தைச் சொறிந்தார். “பாயில ஒரு எடத்துல கிழிசல் இருந்தா காத்து அதுல போயிரும் பிட்டரே. படகைத் தள்ளுறது கஷ்டம், ஓட்டையில போறது லேசு. லேசானதைத்தான் அது பாக்கும்.”

பஸ்ஸுக்கு ரேடியேட்டரும் விசிறியும் உண்டு. கதவைத் திறந்தால் புழுக்கம் வெளியே போகும், அவ்வளவுதான் வேலை. இங்கே அந்தப் பெட்டிதான் எல்லாம். மேல் பாதியில் காற்றை அடைத்து, வேறு வழியே இல்லாமல் செய்து, செதில்களின் நடுவே கீழே தள்ள வேண்டும். நான் கதவைத் திறந்து, சந்து விட்டு, சிரமமே இல்லாமல் அது தப்பித்துப் போக வழி பண்ணிக் கொடுத்திருக்கிறேன். பத்து வருஷமாக எனக்குச் சோறு போட்ட பழக்கம் மாப்பிள்ளையை அன்று சோளக் கொல்லைவரை கொண்டுவந்துவிட்டது.

இன்ஸ்பெக்டர் வர மூன்று வாரம் இருந்தது. பெரிதாக வெட்டின மூக்கைத் தகரம் வைத்து ஒட்டிப் பழைய அளவுக்குக் குறுக்கினேன். பார்க்க அசிங்கமாக இருந்தது. பக்கக் கதவுகளை மறுபடி மாட்டித் திருகினேன். தடுப்புத் தகடுகளின் ஓரமெல்லாம் காதர் பாய்த்துணியை இரட்டையாக மடித்து நாடா மாதிரி தைத்துக் கொடுத்தார், நான் ஆணி அடித்து முடுக்கினேன். அதை எந்தப் பக்கம் மடிப்பது என்று எங்களுக்குள் ஒரு சண்டை. வெளிப்பக்கம் மடித்தால் அழகு என்றேன். உள்பக்கம் மடித்தால் காற்று அழுத்த அழுத்தத் துணி பேனட்டோடு ஒட்டிக்கொள்ளும் என்றார். அவர் சொன்ன மாதிரியே மடித்தோம்.

கடைசியாக அடித்தகட்டின் பின் ஓரத்தைக் கீழ்நோக்கி நாலு விரல் அகலத்துக்கு உதடு மாதிரி வளைத்தேன். பறக்கும்போது ஓடுகிற காற்று அந்த உதட்டைத் தாண்டும்போது, உள்ளே இருப்பதையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகட்டும் என்று.

எஞ்சின் ஓடியது. அடியில் தொங்கின நூல்கள் எல்லாம் ஒன்றாகப் பின்பக்கம் நீண்டு நின்றன. காதர் அதைப் பார்த்துவிட்டுக் கை கழுவப் போனார். அந்த மனுஷனை அன்றைக்குக் கட்டிப்பிடித்திருக்க வேண்டும். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, முள்ளைப் பார்க்கத் திரும்பிவிட்டேன்.

மரத்தில் கட்டி அரை மணி நேரம் ஓட்டினோம். முள் சிவப்புக்கு ஒரு விரல் கீழே நின்றது. பிறகு மாப்பிள்ளை பொட்டலுக்கு மேலேயே ஒரு சுற்று, மறுநாள் இரண்டு, அதற்கு மறுநாள் கால் மணி நேரம். மேலே போனால் இரண்டு விரல் கீழேயே நிற்கிறது என்றார். ஒவ்வொரு முறையும் சிவகாமி செம்போடு வந்து நின்றாள். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அவள் கேட்பாள், இந்த முறை நிஜமாகவே சொல்லலாம் என்று பதிலை வைத்துக்கொண்டு நிற்பேன். அவள் விமானத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

அவள் மறுபடி கேட்டாள்

இன்ஸ்பெக்டர் சித்திரை நடுவில் வந்தார். அதிகம் பேசாதவர். ஒவ்வொரு தையலையும் குனிந்து பார்த்தார். பேனட்டைத் திறந்தவர் துணி நாடாவை விரலால் நெருடி, “இது யார் வேலை?” என்றார். காதர் கையைக் கட்டிக்கொண்டு, “நாந்தாங்க. பாய்த்துணி. கடல் காத்தையே தாங்கும்” என்றார். இன்ஸ்பெக்டர் தலையை ஆட்டினார். மாப்பிள்ளையோடு பின் சீட்டில் ஏறி, நார்த்தாமலைப் பாறைகளைச் சுற்றி முழுதாக அரை மணி நேரம் பறந்தார். இறங்கி வந்து, கிட்டங்கியிலேயே உட்கார்ந்து காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். எங்களுக்கு நல்லது செய்ததாக அவர் நினைத்திருக்கக்கூட மாட்டார். நான் இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

அவருடைய ஜீப் போன பிறகு மாப்பிள்ளை மறுபடி ஒரு சுற்றுப் போகிறேன் என்று கிளம்பினார். சந்தோஷம் அப்படி. அப்போதுதான் சிவகாமி பொட்டலைக் கடந்து நேராக என்னிடம் வந்தாள். கையில் செம்பு இல்லை. முந்தானையை இழுத்து இடுப்பில் செருகியிருந்தாள்.

“அண்ணே, சரியா இருக்கா?”

பக்கக் கதவைத் திறந்தேன். எண்ணெய் அளவு பார்க்கிற கோலை உருவி, துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பார்த்தேன். துணி நாடா ஒவ்வொன்றையும் அழுத்திப் பார்த்தேன். எண்ணெய்த் தொட்டியின் அடியில் புறங்கையை வைத்தேன், கை பொறுக்கிற சூடுதான் இருந்தது. அடிவழியில் குனிந்து பார்த்தேன். கதவை மூடி நாலு திருகையும் முடுக்கினேன். மாப்பிள்ளை சீட்டில் உட்கார்ந்தபடி பொறுமையில்லாமல் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். அவள் அவசரப்படுத்தவில்லை.

“சரியா இருக்கு ஆத்தா” என்றேன்.

“சரி” என்றாள். றெக்கையின் மேல் காலை வைத்து, கம்பியைப் பிடித்து, பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

மாப்பிள்ளை திரும்பிப் பார்த்து, “நீ எங்க வார?” என்றார். அவருக்கும் சொல்லியிருக்கவில்லை.

“அண்ணன் சரின்னுருச்சு. ஓட்டுங்க.”

சொன்ன வார்த்தையைத் திருப்பி வாங்கிக்கொள்ளலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். அதற்குள் விமானம் சரளையைச் சிதறடித்துக்கொண்டு ஓடி எழும்பிவிட்டது. காதர் வந்து பக்கத்தில் நின்றுகொண்டார். சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். நாலு சிலிண்டரும் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தன.

இருபது நிமிஷம் கழித்து இறங்கினார்கள். பொட்டலின் நடுவில், சக்கரம் அதிராமல். சிவகாமி இறங்கியபோது தலைமுடியெல்லாம் கலைந்து, கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது. காற்றினால்தான் என்றாள்.

“மேலேருந்து பாக்க எப்படி இருந்துச்சு ஆத்தா? நம்ம ஊரு தெரிஞ்சுதா? நார்த்தாமலைக் கோயிலைப் பாத்தியா?”

“நான் எங்க பாத்தேன்” என்றாள். “ஏறினதுலேருந்து இவுக தோளுக்கு மேலால எட்டி முள்ளையேதான பாத்துக்கிட்டு இருந்தேன். செவப்புக்கு ரெண்டு வெரல் கீழயே நின்னுச்சுண்ணே. அசையலை.”

“என்மேல நம்பிக்கை இல்லையாக்கும்.”

“நம்பாமலா ஏறினேன்?” என்றாள். “நீ சொன்ன சொல்லு நிக்கணும்னு இருந்துச்சு. அதான் கண்ணை எடுக்கலை.”